மாதிரிப் பள்ளம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கும், ரசமட்டம் ஒரு பள்ளத்தைக் காப்பாற்றியதற்கும் இடையில் போக்குவரத்துத் துறையில் குறிப்பிட்டுச் சொல்லும்படியாக எதுவும் நடந்துவிடவில்லை. ரயில் வந்ததே, விமானம் வந்ததே என்று சிலர் குறுக்கே பேசக்கூடும். அவையெல்லாம் சாலையில் ஓடுகிறவை அல்ல. நமக்கு அவற்றோடு பேச்சில்லை.

ரசமட்டம் என்பது ஒரு மனிதர். நகரச் சாலைப் பராமரிப்பு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி ஓடும் கருவி, அதில் சிறியதாக ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். மேஜை, நாற்காலி, சுவரில் மாட்டிய படம், எதுவானாலும் அதை வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நின்றால்தான் நம்புவார். கருவியின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊரில் அவர் அதை வைத்துப் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான். அது சாலை. சாலைகளைப் பற்றிய கோப்புகளைப் பார்க்கவே பொழுது சரியாக இருந்ததால் சாலைகளைப் பார்க்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

அந்தக் கோப்புகளும் லேசுப்பட்டவை அல்ல. ஊரிலுள்ள ஒவ்வொரு சாலைக்கும் எதிரே 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி, கீழே ரசமட்டத்தின் கையெழுத்து இருக்கும். நேரான கையெழுத்து. அதையும் அவர் வைத்துப் பார்த்திருப்பார் என்று அலுவலகத்தில் பேச்சு.

நல்ல நிலையில் உள்ள அந்தச் சாலைகளில் ஒன்று அவர் வீட்டிலிருந்து அவர் மனைவியின் தையல் கடைக்குப் போகிறது. வழியில் கண்ணாடிக் கடை வளைவு. வளைவு திரும்பியதும் ஒரு பள்ளம். மனைவி தினமும் வெட்டிய துணிகளை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தின் ஓரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் வருவாள். காலைச் சாப்பாட்டின்போது அதைப் பற்றிச் சொல்வாள். அவர், "நடவடிக்கையில் இருக்கு" என்பார். கொஞ்ச காலம் போனதும் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். கடைசியாகச் சொன்னது இதுதான்:

"இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேங்க. விழுந்ததும் போன் பண்றேன்."

அவர் தலையாட்டினார். ஒரு புகார் இவ்வளவு கண்ணியமாக முடிவுக்கு வந்ததில் அவருக்குத் திருப்திதான்.

அந்தப் பள்ளத்தின் தலையெழுத்து மாறியது ஒரு மத்தியான வேளையில். தலைமைப் பொறியாளர் அலுவலகக் காரின் பின்சீட்டில் சாய்ந்து, சாலைகளைக் குறித்துக் கண்மூடிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். கார் கண்ணாடிக் கடை வளைவில் திரும்பிப் பள்ளத்தில் இறங்கியது. அவர் தலை கூரையில் இடித்தது. அவருடைய பல்செட் வாயைவிட்டுக் கிளம்பி முன்சீட்டைத் தாண்டி டிரைவரின் காலருக்குள் போய் விழுந்தது. டிரைவர் நல்லவர். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அதை எடுத்துத் துடைத்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் நீட்டினார்.

அன்று மாலையே அவசரக் கூட்டம் நடந்தது. "சஸ்பென்ஷன் விஷயமா பேசணும்" என்று தலைமைப் பொறியாளர் ஆரம்பித்ததும் இரண்டு மூன்று பேருக்கு வியர்த்துவிட்டது. குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் சமாசாரம், காருக்குத்தான், ஆட்களுக்கு அல்ல என்று அவர் விளக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. அந்தத் தைரியத்திலும், மனைவியின் ஞாபகத்திலும், ரசமட்டம் தன் பணிக்காலத்திலேயே முதல் முறையாகக் கையைத் தூக்கினார்.

"சார், அந்தப் பள்ளத்தை மூடிட்டா என்ன?"

தலைமைப் பொறியாளருக்குக் கோபம் வரவில்லை. விவரம் தெரியாத பிள்ளையிடம் பேசுவதுபோல் கனிவாகவே கேட்டார்.

"ஊர்ல பள்ளம் எத்தனை இருக்கு?"

"கணக்குப்படி ஒண்ணும் இல்ல சார்."

"கண்ணுக்கு?"

"நிறைய இருக்கு சார்."

"நம்மகிட்ட கார் எத்தனை?"

"ஒண்ணு சார்."

"அப்ப எதைச் சரி பண்றது சுலபம்?"

இப்படி ஒரு பதில் இத்தனை காலமும் பக்கத்திலேயே இருந்திருக்கிறதே என்று எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். உள்ளூர்ச் சாலைகளுக்கேற்ற சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுக்கும் 'உயர்நிலைக் குழு' அப்போதே அமைந்தது. கேள்வி கேட்ட குற்றத்துக்கு ரசமட்டமே அதன் செயலாளர் ஆனார்.

ஸ்பிரிங் கடைக்காரர் குழுவை வாசலுக்கே வந்து வரவேற்றார். இருந்ததிலேயே நல்ல நாற்காலியைத் தலைமைப் பொறியாளருக்குப் போட்டார். "உங்க ஆபீஸ் இல்லன்னா என் கடை இல்ல சார்" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அதில் நடிப்பு இல்லை. சுவரெல்லாம் சுருள் சுருளாக ஸ்பிரிங்குகள், குட்டையும் நெட்டையுமாக ஷாக் அப்சார்பர்கள். ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுத்தபடி விளக்கினார். மெத்தென்ற ஸ்பிரிங் சின்னக் குலுக்கலை விழுங்கிவிடும், ஆனால் பெரிய பள்ளத்தில் இறங்கினால் அடித்தட்டு தரையில் மோதும். கெட்டி ஸ்பிரிங் போட்டால் மோதாது, ஆனால் ஒரு பொடிக்கல்லில் ஏறினாலும் முதுகெலும்புக்குச் சேதி போகும். இரண்டும் கலந்த ஒன்று உண்டு. முதலில் இளகிக்கொடுத்து, அழுத்த அழுத்த இறுகும். அதிலும் உயரம் கூட்டியது, கூட்டாதது என்று வகை இருக்கிறது. எதைப் போடுவது என்பது சாலையைப் பொறுத்தது.

"அதனால முதல்ல ஒண்ணு சொல்லுங்க சார். உங்க ரோடெல்லாம் எப்படி இருக்கு?"

ரசமட்டம் கோப்பைத் திறந்து வாசித்தார். "நல்ல நிலையில் உள்ளது."

"நல்ல ரோடுன்னா கம்பெனியில குடுத்த ஸ்பிரிங்கே போதுமே சார்" என்றார் கடைக்காரர், வியாபாரம் போகிறதே என்ற உண்மையான வருத்தத்தோடு.

இப்படி ஓர் இக்கட்டில் வேறு எந்த அலுவலகம் மாட்டியிருந்தாலும் திணறிப்போயிருக்கும். சாலை மோசம் என்று எழுதினால் இத்தனை காலம் போட்ட கையெழுத்துகள் பொய்யாகிவிடும். நல்ல சாலை என்று எழுதினால் தலைமைப் பொறியாளரின் பல்செட் மறுபடியும் பயணம் போகும். அவர் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். திறந்தபோது வழி பிறந்திருந்தது. சாலைகள் நல்ல நிலையில்தான் உள்ளன, கார்தான் 'அளவுக்கு மீறிய உணர்ச்சி' உடையதாக இருக்கிறது, ஆகவே காரின் நலன் கருதிச் சாலைகள் அளக்கப்படும் என்று முடிவானது.

இப்படியாக, அந்த ஊர் தோன்றிய நாள் முதலாக நடக்காத ஒன்று நடந்தது. சாலை அலுவலகம் முழுவதும் சாலைக்கு வந்தது. அளவு நாடா, சாக்பீஸ், இரும்புக் கம்பி சகிதமாக வெயிலில் குந்தி உட்கார்ந்து, தெருத்தெருவாக ஒவ்வொரு பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம், விளிம்பின் சரிவு வரை அளந்தார்கள். ஒன்றைக்கூட விடவில்லை. ஆட்களின் உழைப்பைப் பார்த்து ஜனங்கள் உருகிவிட்டார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், யாரோ மோர் கொடுத்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் ரசமட்டத்தின் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்கு வரும் கண்ணாடிப் பலகைகளில் பாதி அந்த வளைவிலேயே நொறுங்கிக்கொண்டிருந்ததால் அவருக்கு மற்றவர்களைவிட ஆனந்தம் அதிகம்.

"எப்ப சார் மூடுவீங்க?" என்று கேட்டார்.

"இது மூடறதுக்கு இல்லைங்க. எங்க காருக்காக அளக்கிறோம்" என்று ரசமட்டம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், எழுதித்தான் பழக்கம். கண்ணாடிக் கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். பெரிய அதிகாரி இவ்வளவு தமாஷாகப் பேசுவாரா என்று மற்றவர்களிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

அளவுகள் வந்து சேர்ந்ததும் குழு பள்ளங்களைத் தட்டு, சட்டி, தொட்டி என்று மூன்று இனமாகப் பிரித்தது. கண்ணாடிக் கடை வளைவுப் பள்ளத்தில் ஓர் அதிசயம் இருந்தது. ஆரம்பத்தில் தட்டாக இருந்து, சட்டியாக ஆழமாகி, தொட்டியாக முடிந்தது. ஊரின் எல்லாப் பள்ளங்களும் அதற்குள் அடக்கம். அதில் இறங்கி ஏறும் கார் எதிலும் இறங்கி ஏறும். அதை 'மாதிரிப் பள்ளம்' என்று அறிவித்து, சுற்றிலும் வெள்ளைப் பெயிண்டால் வளையம் போட்டார்கள்.

அன்றைக்கு மனைவி வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது. பெயிண்ட் அடித்திருக்கிறார்களே, மூடப் போகிறார்களா என்று கேட்டாள். "ஆய்வில இருக்கு" என்றார் ரசமட்டம். அதுவும் உண்மைதான்.

சோதனை ஓட்டங்கள் தொடங்கின. தலைமைப் பொறியாளர் பின்சீட்டில் அமர்ந்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளர் ஒன்றைத் தொடைமேல் பிடித்துக்கொள்வார். அதற்கு 'ஆய்வுக் குவளை' என்று பெயர். மெத்தென்ற ஸ்பிரிங் போட்டுப் பள்ளத்தில் இறங்கியபோது தண்ணீர் முழுவதும் அவர் மடியில் கொட்டியது. கெட்டி ஸ்பிரிங் போட்டபோது டிரைவரின் பிடரியில் கொட்டியது. இறுகும் ஸ்பிரிங் மட்டும் பாக்கி. மறுநாள் அதை மாட்டுவதாக ஏற்பாடு.

அதற்குள் கண்ணாடிக் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. பாவம், பெயிண்ட் அடித்துவிட்டுப் போனவர்கள் வருவார்கள் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தவர். அன்று பிற்பகல் பக்கத்தில் இடித்த சுவரின் செங்கல், ஜல்லி, மண் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் ஊற்றி, திமிசுக் கட்டையால் அடித்து அடித்துப் பள்ளத்தைச் சமமாக்கிவிட்டார்.

சாயந்திரம் ரசமட்டம் வீட்டுப் படியேறியதும் மனைவி கதவிலேயே நின்றாள். அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். பையை வாங்கிக்கொள்ளும் வழக்கமெல்லாம் அந்த வீட்டில் எப்போதோ ஒழிந்துபோயிருந்தது.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா செஞ்சிட்டீங்க" என்றாள். "இன்னைக்குத்தாங்க அந்த வளைவுல நான் மூச்சு விட்டுக்கிட்டு வந்தேன்."

ரசமட்டத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். அவள் அதற்குள் அவர் தோளில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு உள்ளே போனாள். வீட்டில் பாராட்டு வாங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருக்கே மறந்துவிட்டது. மனசு குழைந்துவிட்டது. அவர் அதைச் செய்ததாகச் சொல்லவில்லை. செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. அலுவலக நடைமுறையில் இதற்கு 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று பெயர்.

மறுநாள் காலை அலுவலகத்தில் இடி விழுந்தது. மாதிரிப் பள்ளத்தைக் காணோம். தலைமைப் பொறியாளர் உலவிய உலவலில் தரை தேய்ந்தது. ஒரே பள்ளத்தில் மூன்று ஸ்பிரிங்கையும் ஓட்டிப் பார்த்தால்தானே ஒப்பிட முடியும்? இரண்டை ஒரு பள்ளத்திலும் மூன்றாவதைச் சமதரையிலும் ஓட்டினால் அது என்ன விஞ்ஞானம்? கண்ணாடிக் கடைக்காரரை வரவழைத்தார்கள்.

"அரசாங்கப் பள்ளத்துல கை வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தா?"

"தெரியாம செஞ்சிட்டேன் சார். பள்ளம்னா மூடறதுதானேன்னு நெனச்சிட்டேன்."

அறியாமையால் செய்த குற்றம் என்பதால் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பள்ளத்தைப் 'பழைய நிலைக்குக் கொண்டுவர' உத்தரவு தயாரானது. ரசமட்டத்தின் மேஜைக்கு வந்தது. பேனாவை எடுத்தபோது அவருக்குத் தோளில் அந்தக் கை ஞாபகம் வந்தது. போனை எடுத்தார். என்னவென்று சொல்வது? நான் மூடவில்லை, ஆனால் நான்தான் தோண்டப்போகிறேன் என்றா? நேற்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று உள்ளுக்குள் குமைந்தார். சாயந்திரம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கும் நேரான கையெழுத்துதான்.

அதன்பிறகு அந்த அலுவலகம் வேலை செய்த வேகத்தை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது. ஒரு தெருவுக்குத் தார் போட வருஷக்கணக்கில் யோசிக்கிறவர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் பள்ளத்தைத் தோண்டி முடித்தார்கள். வெறுமனே தோண்டவில்லை. குறித்து வைத்த அளவுகளை ஒருவர் வாசிக்க, ஒருவர் செதுக்க, தட்டு, சட்டி, தொட்டி என்று ஒரு விரலளவு பிசகாமல் கொண்டுவந்தார்கள். ரசமட்டம் தானே உள்ளே இறங்கி, சட்டைப் பையிலிருந்த கருவியை எடுத்து அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தார். சாலையில் அவர் அதை வைத்தது அதுதான் முதல் தடவை. குமிழி நடுவில் நின்றது.

பிற்பகலில் நல்ல மழை. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்து, வெள்ளை வளையத்தையும் மூடிக்கொண்டு சாலையோடு சாலையாகத் தளும்பாமல் கிடந்தது. மழை விட்டதும் ஸ்பிரிங் கடையில் காருக்குக் கீழே கடைசி நட்டு இறுக்கப்பட்டது. தலைமைப் பொறியாளர் ஆய்வுக் குவளையோடு ஏறினார். ரசமட்டம் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது அவருடைய போன் அடித்தது.

"என்னங்க, விழுந்துட்டேன்" என்றாள் மனைவி. குரலில் ஒரு பதற்றமும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள்.

அவர்கள் போனபோது கண்ணாடிக் கடை வாசலில் ஒரு நாற்காலியில் சேற்றோடு உட்கார்ந்திருந்தாள். மழை விட்ட பிறகும் கடைக்காரர் அவள் தலைக்குக் குடை பிடித்திருந்தார். ஸ்கூட்டரை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். வெட்டிய துணிகள் பள்ளத்துத் தண்ணீரில் மிதந்தன. வலது கை மணிக்கட்டுக்கு மேலே வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

"நேத்து மூடியிருந்ததுங்க" என்றாள் அவரைப் பார்த்து. "நீங்க மூடினதாச்சேன்னு வேகத்தைக் குறைக்கலை. எந்தப் பாவி தோண்டினான்னு தெரியலை."

கண்ணாடிக் கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். டிரைவர் காரின் பின்கதவைத் திறந்துவிட்டு, ஏதும் கேட்காதவர்போல் கைப்பிடியைத் துடைத்தார். ரசமட்டம் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பின்சீட்டில் ஏற்றி, நடுவில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். அவளுக்கு அந்தப் பக்கம் தலைமைப் பொறியாளரும் குவளையும்.

ஆஸ்பத்திரிக்கு அந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். எதிரே லாரி நின்றதால் ஒதுங்கிப்போகவும் இடமில்லை. கார் தண்ணீருக்குள் இறங்கியது. ரசமட்டம் மனைவியின் கையை அசையாமல் ஏந்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். குலுக்கல் வரும், அவள் அலறுவாள் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"பள்ளம் வந்திடுச்சா?" என்று அவள் கேட்டாள்.

"தாண்டிட்டோம்மா. முழுசா இறங்கித்தான் ஏறினோம்" என்றார் டிரைவர்.

தலைமைப் பொறியாளர் குவளையைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். தண்ணீர் விளிம்பில் அப்படியே நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நேரத்தில் இந்தக் குடும்பத்துக்கு ஆறுதலாக நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. உண்மையில் அவர் நல்ல மனிதர்.

"ஒரு சொட்டு சிந்தலைம்மா. இதெல்லாம் உங்க வீட்டுக்காரரால வந்தது. அந்தக் கடைக்காரர் பள்ளத்தை மூடிக் கெடுத்து வச்சிருந்தாரு. இவர்தான் காலையில உத்தரவுல கையெழுத்துப் போட்டு, கூடவே நின்னு, அளவு மாறாம திரும்பத் தோண்ட வச்சாரு. உள்ளயே இறங்கி மட்டம் வச்சுப் பார்த்தாருன்னா பாருங்களேன். இப்படி ஒரு ஆள் ஆபீஸுக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்."

புது ஸ்பிரிங் என்பதால் காரில் சத்தமே இல்லை. ரசமட்டம் கண்ணைத் திறக்காமலே இருந்தார். மனைவி அவர் பக்கம் மெல்லத் திரும்பினாள். இடது கையை நீட்டி, அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னக் கருவியை உருவி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதில் இன்னும் பள்ளத்து மண் ஒட்டியிருந்தது. பிறகு வலது கையை அவர் மடிமேல் அசையாமல் வைத்தாள்.

"வச்சுப் பாருங்க" என்றாள். "எவ்வளவு கோணியிருந்தாலும் பரவால்லைங்க. 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."